நேற்றே முடிந்த விசாரணை

போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டு இன்னும் திரும்ப வாங்காதவர்களுக்கு மட்டும் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். மற்றவர்கள் நேராக இஸ்திரிப் பெட்டி வரும் இடத்துக்குப் போய்விடலாம்.

அப்பீல் மாட்டிக்கொண்டாள். அது அவளுடைய பெயரல்ல, வீட்டில் வைத்த பட்டம். சின்ன வயதில் அப்பா கூடாது என்றால் அம்மாவிடம் போவாள். அம்மாவும் கூடாது என்றால் மாமாவிடம் போவாள். மாமாவும் கைவிரித்துவிட்டால், அப்பா தூங்கி எழுந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இப்படிப்பட்ட பிள்ளையைச் சட்டக் கல்லூரியில் சேர்க்காமல் வேறு எங்கே சேர்ப்பது? இப்போது கடைசி வருடம். வருகிற திங்கட்கிழமை பரீட்சை.

அவள் செய்த குற்றம், 'ஆட்சேபணை' என்று ஒற்றைத் தாள் பத்திரிகை எழுதி வாரா வாரம் கேன்டீன் சுவரில் ஒட்டியது. பேச்சுரிமைக் கருத்தரங்கில் கேள்வி கேட்க ஏன் அனுமதி இல்லை என்று ஒரு வாரம் கேட்டாள். மாதிரி வழக்காடும் போட்டியில் தாளாளரின் அக்கா பையன் மட்டும் எப்படி நாலு வருடமாக முதல் பரிசு வாங்குகிறான் என்று இன்னொரு வாரம். அதையெல்லாம் படித்துவிட்டு ஆசிரியர்கள் சும்மாதான் இருந்தார்கள். கடைசி இதழில் ஓர் இரங்கல் செய்தி போட்டாள்.

'காலமானார். வாடகைச் சட்டம், பிரிவு நாற்பத்தொன்று. வயது முப்பத்தாறு. ஒன்பது வருடங்களுக்கு முன்பு சட்டமன்றத்தில் அமைதியாக உயிர்நீத்தார். ஆனாலும் நம் நான்காம் ஆண்டு வகுப்பில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நடமாடி வருகிறார். எப்போது எடுப்பார்கள் என்று தெரியவில்லை.'

அந்த வகுப்பை எடுப்பவர் மஞ்சள் நோட்டு. அவர் வகுப்பில் படித்துக் காட்டும் நோட்டு ஒரு காலத்தில் வெள்ளையாகத்தான் இருந்ததாம். எந்தப் பக்கத்தில் சிரிக்க வேண்டும் என்றுகூட ஓரத்தில் குறித்து வைத்திருப்பார். அவர் புகார் கொடுத்தார். கல்லூரியின் மாண்புக்குக் குந்தகம் விளைவித்ததாக அப்பீலுக்கு நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை.

இதில் இன்னொரு கஷ்டம், அவளுடைய அம்மா அதே கல்லூரியில் முதல்வர் அலுவலக டைப்பிஸ்ட். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தும் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டம்மாதான். புதன்கிழமை மாலை ஒரு கோப்பை மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்று சொல்லாமல் விட்டதற்கு நிறையப் பேர் கோபித்துக்கொண்டார்கள். இந்த வாரம் சொல்லிவிடலாம்.

---

வியாழக்கிழமை காலை ஏழரை. அப்பீல் வெள்ளைச் சட்டையின் காலரை மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும்டி, கருகிடப் போகுது," என்றாள் டைப்பிஸ்டம்மா.

"கருகட்டும். கறுப்புக் கோட்டுக்குப் பொருத்தமா இருக்கும்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். யாரோ எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்று விடிந்ததும் போன் வந்து கிளம்பிவிட்டார். போகும்போது மகளின் தலையைத் தட்டி, "பதறாதே, கதவைப் பிடிச்சு இழுக்காதே, மணியை மட்டும் விடாம அடி," என்றார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதுதான். இன்றைக்கு அதுவே பொருத்தமாக இருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வக்கீல் மாமா. டைப்பிஸ்டம்மாவின் தம்பி. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே வாதத்தை ஆரம்பித்துவிட்டார்.

"கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடு. அவ்வளவுதான் விஷயம்."

"எதுல மாமா?"

"மன்னிப்புக் கடிதத்துல. ரெடியா வச்சிருப்பாங்க. அந்தக் காலேஜ் கேன்டீன்ல டீ கிடைக்காத நாள் உண்டு, ஆபீஸ்ல மன்னிப்புக் கடிதம் கிடைக்காத நாள் கிடையாது."

"நான் எழுதுனதுல எது தப்பு?"

"ஒரு எழுத்துகூட தப்பில்ல. அதனாலதான் சொல்றேன். தப்பா எழுதியிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பாங்க." மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "திங்கட்கிழமை பரீட்சை. ஹால் டிக்கெட் முதல்வர் மேஜைக்குள்ள இருக்கு. முதல்ல அதை வாங்கு. வெளிய வந்ததும் அந்தக் காலேஜைப் பத்தி புத்தகமே எழுது, முதல் பிரதியை நான் வாங்கிக்கறேன்."

"பொய் எழுதினேன்னு ஒப்புக்கிட்டு வெளிய வந்தா, அப்புறம் நான் எழுதறதை யாரு மாமா நம்புவாங்க?"

அப்பீல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க ஒப்புக்கிட்டீங்களா?"

வீட்டில் எல்லோருக்கும் பாதி தெரிந்த கதைதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மாமா அதே கல்லூரியில் கடைசி வருடம். நூலகத்தை ஐந்து மணிக்கு மேலும் திறந்து வைக்கச் சொல்லிப் படியில் உட்கார்ந்து மறியல் செய்தார். விசாரணை வைத்தார்கள்.

"நான் அன்னைக்குப் போகவே இல்ல," என்றார் மாமா. "நூத்தி மூணு டிகிரி காய்ச்சல். எந்திரிச்சுப் போய்ப் பாத்தா, 'மாணவர் நேரில் ஆஜராகி குற்றத்தை ஒப்புக்கொண்டார்'னு மினிட்ஸ்ல இருக்கு. ஒரு வருஷம் போச்சு."

"அப்ப யாரு போய் ஒப்புக்கிட்டது?"

"யாரு? நெட்டையன்தான். ஒரே தட்டுல சாப்பிட்டவன். எங்க கூட்டத்துல அன்னைக்கு அவன் மட்டும்தான் காலேஜ் போனான். எனக்காகத் தலையை ஆட்டிட்டு வந்துட்டான். அவன் இல்லைன்னுதான் சாதிச்சான். வேற யாரு போயிருக்க முடியும், சொல்லு?"

நெட்டையரும் இப்போது அதே நீதிமன்றத்தில்தான் வக்கீல். வக்கீல்கள் அறையில் ஒரே நீள பெஞ்சு. இவர் இந்தக் கோடியில், அவர் அந்தக் கோடியில். பத்தொன்பது வருடமாக ஒரு வார்த்தை கிடையாது.

டைப்பிஸ்டம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்த டம்ளரை மறுபடியும் கழுவினாள்.

"அக்கா, நீயாவது சொல்லேன் அவகிட்ட," என்றார் மாமா.

"நான் அங்கதானே இருக்கப் போறேன்," என்று மட்டும் சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை.

---

அந்தக் கோப்பில் இருந்தது இதுதான்.

சட்டக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குழு கூடினாலும் அதன் நடவடிக்கைக் குறிப்பு, அதாவது மினிட்ஸ், முந்தின நாளே தயாராகிவிடும். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், என்ன முடிவு எடுத்தார்கள், எத்தனை மணிக்கு நன்றியுடன் நிறைவுற்றது, எல்லாம் அதில் இருக்கும். முதல்வர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், டைப்பிஸ்டம்மா அடிப்பாள், பதிவேட்டில் எண்ணும் தேதியும் போட்டுக் கோப்பில் வைப்பாள். மறுநாள் உறுப்பினர்கள் வந்து டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நேரம் மிச்சம் என்பது முதல்வரின் கட்சி. இதற்கு முன்பு இருந்த இரண்டு முதல்வர்களின் கட்சியும் அதுதான்.

இத்தனைக்கும் முதல்வர் முதலாண்டுக்கு எடுக்கும் பாடம் இயற்கை நீதி. இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது, தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காரக்கூடாது. இந்த இரண்டும் எழுதினால் பத்து மதிப்பெண். ஒன்றை விட்டால் ஐந்து.

புதன்கிழமை மூன்றரை மணிக்குத் துண்டுச் சீட்டு வந்தது. பெயர் இல்லை, பதிவு எண் மட்டும். 'மாணவி நேரில் ஆஜராகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரினார். குழு ஒருமனதாக ஏற்றது. கூட்டம் 11.40க்கு நன்றியுடன் நிறைவுற்றது.'

அது மகளுடைய எண் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அடித்தாள். கை பாட்டுக்கு அடித்தது என்று பின்னால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. அடித்து முடித்து, வழக்கம் போல இடது பக்க மூலையில் தன் இனிஷியலைச் சின்ன எழுத்தில் போட்டாள். குழுவின் மூன்றாவது உறுப்பினர் விடுதி வார்டன். அவர் வியாழக்கிழமை லீவு என்பதால் அப்போதே வந்து நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

"உங்க பொண்ணு விஷயம்தான், தெரியும்," என்று முதல்வர் அன்பாகத்தான் சொன்னார். "நாளைக்கு நீங்களே குறிப்பு எடுக்க உள்ளே உக்காருங்க. நீங்க பக்கத்துல இருந்தா அவளும் அடங்குவா. கையெழுத்தை வாங்கிட்டு ஹால் டிக்கெட்டைக் கையோட கொடுத்துடறேன்."

அந்தத் தாளை வைத்துக் கோப்பை மூடியபோது இதுபோல இந்தக் கையால் எத்தனை அடித்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடியவில்லை. முதலாவது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

---

விசாரணை, கல்லூரிக்குள் இருக்கும் மாதிரி நீதிமன்றத்தில் நடந்தது. மாணவர்கள் வாதாடிப் பழக ஒரு பெரிய மனிதர் கட்டிக்கொடுத்த அறை. சாட்சிக் கூண்டில் இரண்டு துடைப்பமும் கால் உடைந்த நாற்காலி ஒன்றும் நின்றன. நீதிபதி மேடையில் முதல்வரும் மஞ்சள் நோட்டும் உட்கார்ந்தார்கள். வார்டனின் நாற்காலியில் மஞ்சள் நோட்டின் பை இருந்தது.

டைப்பிஸ்டம்மா பக்கத்து மேஜையில் கோப்பை வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சுருக்கெழுத்து நோட்டையும் சீவிய பென்சிலையும் எடுத்தாள். நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதுவாள் என்றுதான் அவளை வேலைக்கே எடுத்தார்கள். குழுக் கூட்டத்தில் அந்த வித்தைக்கு இதுவரை வேலை வந்ததில்லை.

அப்பீல் உள்ளே வந்து வணக்கம் சொன்னாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா பென்சிலைப் பார்த்தாள்.

"இது உன் எழுத்துதானே?" முதல்வர் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"ஆமா சார். கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கலாமா? என் மேல புகார் கொடுத்தது யாரு சார்?"

"பேராசிரியர்."

"விசாரிக்கறது?"

"குழு."

"குழுல யாரு சார்?"

முதல்வர் கண்ணாடியைத் துடைத்தார். மஞ்சள் நோட்டு தொண்டையைச் செருமினார். "நான் இருந்தா என்ன? புகார் கொடுத்தவனுக்குத்தானே விஷயம் நல்லாத் தெரியும்."

பென்சில் சத்தமில்லாமல் ஓடியது.

"மூணாவது உறுப்பினர் எங்க சார்?"

"லீவு. அவர் கருத்தை எங்ககிட்ட சொல்லிட்டார்."

"நான் பேசறதுக்கு முன்னாடியேவா?"

"இந்தக் கேள்வியெல்லாம் கோர்ட்டுல போய்க் கேளு," என்றார் முதல்வர்.

"அதுக்குத்தானே சார் இங்க படிக்கறேன்."

மஞ்சள் நோட்டுக்கு முகம் சிவந்தது. "பிரிவு நாற்பத்தொண்ணு செத்துப்போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அரசிதழ்ல போட்டிருக்கு சார். ஒன்பது வருஷம் ஆச்சு."

"நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. போன வருஷம் கேள்வித்தாள்ல அந்தப் பிரிவு வந்துதா, இல்லையா?"

"வந்துது சார்."

"நீ பதில் எழுதினியா?"

"எழுதினேன் சார்."

"மார்க் வந்துதா?"

"வந்துது."

"அப்ப உயிரோடதானே இருக்கு?"

தான் கெட்டிக்காரத்தனமாக மடக்கிவிட்டதாக அவர் நிஜமாகவே நம்பினார். கேள்வித்தாள் தயாரிப்பவரும் அவர்தான் என்பதை அப்பீல் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

முதல்வர் ஒரு தாளை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். மாமா சொன்ன அதே கடிதம். தேதிக்கும் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. பக்கத்தில் ஹால் டிக்கெட்டை வைத்தார். அதில் அவளுடைய சிரிக்காத புகைப்படம்.

"இதைப் போட்டுட்டு அதை எடுத்துக்கோ. அஞ்சு நிமிஷ வேலை."

அப்பீல் கடிதத்தை முழுதாகப் படித்தாள். "நான் எழுதியது அனைத்தும் பொய் என்று ஒப்புக்கொள்கிறேன்னு இருக்கு. எந்த வரி பொய்னு காட்டினீங்கன்னா அந்த வரிக்கு இப்பவே மன்னிப்புக் கேக்கறேன் சார். மனசாரக் கேக்கறேன்."

"வரி வரியாப் பேரம் பேசற இடம் இது இல்ல."

"அப்ப என்னால போட முடியாது."

கை ஹால் டிக்கெட்டுக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டைப்பிஸ்டம்மாவுக்கு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பயமும் பெருமையும் ஒன்றாக வந்ததில் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தாள்.

"சரி. வருத்தம்தான்," என்றார் முதல்வர். "மினிட்ஸைக் கொடுங்கம்மா, கையெழுத்துப் போட்டு முடிச்சுடலாம்."

டைப்பிஸ்டம்மா எழுந்து நின்றாள்.

"எது சார்? நேத்து அடிச்சதா, இன்னைக்கு நடந்ததா?"

முதல்வருக்குக் காது கேட்டது, நம்ப முடியவில்லை. "என்னம்மா?"

"நேத்து மூணரை மணிக்கு நீங்க எழுதிக் கொடுத்ததை அடிச்சு வச்சிருக்கேன். அதுல பொண்ணு ஒப்புக்கிட்டான்னு இருக்கு. வார்டன் சார் கையெழுத்தும் இருக்கு. இன்னைக்கு அவ ஒப்புக்கல. அதனால இன்னைக்கு நடந்ததை எழுதியிருக்கேன். படிக்கட்டுமா சார்?"

அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. நோட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், கடிதம் படிக்கிற மாதிரிதான் படித்தாள். "பேராசிரியர்: நான் இருந்தா என்ன? புகார் கொடுத்தவனுக்குத்தானே விஷயம் நல்லாத் தெரியும். முதல்வர்: இந்தக் கேள்வியெல்லாம் கோர்ட்டுல போய்க் கேளு. பேராசிரியர்: மார்க் வந்துதா? மாணவி: வந்துது. பேராசிரியர்: அப்ப உயிரோடதானே இருக்கு?"

தன் வாக்கியத்தைத் தன் காதால் கேட்டதும் மஞ்சள் நோட்டு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும்," என்றார் முதல்வர். ஹால் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "விசாரணை ஒத்திவைக்கப்படுது. மாணவி வெளிய போகலாம்." கதவு மூடும்வரை காத்திருந்து, டைப்பிஸ்டம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "நாளையிலேருந்து நீங்க விடுதி ஆபீஸ். பத்து மணிக்கு ரெக்கார்டு ரூம் சாவியை எங்கிட்ட ஒப்படைச்சுடுங்க. முறைப்படி."

"சரிங்க சார்," என்றாள். "முறைப்படியே ஒப்படைக்கறேன்."

---

கேன்டீன் பின்பக்கம் குழாயடியில் அப்பீல் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். டைப்பிஸ்டம்மா புடவைத் தலைப்பை நீட்டினாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நேத்து மூணரைக்கே அடிச்சிட்டியாம்மா?"

"ஆமா."

"சாயங்காலம் வந்து என்கூடச் சாப்பிட்டியே, அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

"இன்னைக்குக் காலையில நான் காலரைத் தேச்சுக்கிட்டிருந்தப்போ?"

"தெரியும்டி."

அப்பீல் தன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தா ஒருவேளை போட்டிருப்பேன். அதான் உன்னைப் பாத்தேன். நீ நிமிரவே இல்ல."

"நிமிர்ந்தா சொல்லிடுவேனோன்னு பயம்," என்றாள் டைப்பிஸ்டம்மா. அது உண்மைதான்.

இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். பஸ் வந்தபோது அப்பீல் முதலில் ஏறி, ஜன்னலோரத்தை அம்மாவுக்கு விட்டு உட்கார்ந்தாள். கோபம் தீரவில்லை. ஆனாலும் இடம் விட்டாள்.

---

மாலை ஆறு மணிக்கு மாமா வந்தார். மருமகள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு அறைக்குள் இரண்டு நடை நடந்தார். பிறகு மேஜையில் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார். காலையில் கையெழுத்துப் போடச் சொன்ன மனிதரா என்று தோன்றியது.

"விசாரணைக்கு முந்தின நாளே தீர்ப்பு. பதிவேட்டுல தேதி இருக்கு, வார்டன் கையெழுத்து இருக்கு. இது ஒண்ணு போதும். நாளைக்கே பல்கலைக்கழகத்துக்கு மனு போடறேன். திங்கட்கிழமை இவ பரீட்சை எழுதுறா." அக்காவைப் பார்த்தார். "உன் வாக்குமூலம் வேணும். இது நேத்து மட்டும் நடந்ததா, ரொம்ப நாளா நடக்குதா?"

"ரொம்ப நாளா."

"எப்பலேருந்து?"

டைப்பிஸ்டம்மா அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள், கை ஈரமாக இல்லாவிட்டாலும்.

"நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது மாசத்துலேருந்து. முதல் தாள் உன்னுது."

பேனா நின்றது.

"காலேஜ்ல வேலை காலியிருக்குன்னு விளம்பரத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே நீதான். ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. உன் நம்பரைப் போட்டு, ஒப்புக்கொண்டார்னு எழுதிக் கொடுத்தாங்க. அடிச்சேன். மறுநாள் நீ போய் மறுத்துப் பேசுவ, மாத்திடுவாங்கன்னு நினைச்சேன். நீ காய்ச்சல்ல படுத்துட்ட. யாரும் போய் ஒப்புக்கலடா. நெட்டையனும் போகல. அந்த அறையில அன்னைக்கு யாருமே வாயைத் திறக்கல. வெறும் தாள்தான்."

அப்பீல் மாமாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் சொல்லல?" மாமாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

"முதல் வாரம் பயம். அப்புறம் வெக்கம். அப்புறம் பத்தொன்பது வருஷம் ஆயிடுச்சு."

மாமா எழுந்தார். "இன்னைக்குக்கூட அவன் பெஞ்சுல அந்தக் கோடியில உக்காந்திருந்தான்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டைப்பிஸ்டம்மாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டே அலமாரியிலிருந்து நீளத் தாளையும் அடிக்கோலையும் எடுத்தாள். தாளில் கோடு போட ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்ற?"

"நாளைக்குப் பத்து மணிக்குச் சாவியை ஒப்படைக்கணும். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு மின்விசிறி காணாமப் போச்சு. அதுலேருந்து அவர் ஒரு விதி போட்டிருக்கார். யாரு எதை ஒப்படைச்சாலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுதி, ரெண்டு சாட்சி வச்சு, வாங்கிக்கறவர் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போடணும். காலையிலேயே போய், ரெக்கார்டு ரூம்ல இருக்கற ஒவ்வொரு மினிட்ஸுக்கும் ஒரு வரி எழுதப் போறேன். கூட்டம் நடந்த தேதி இந்தப் பக்கம். பதிவேட்டுல ஏறுன தேதி அந்தப் பக்கம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எல்லாத்துலயும் மூலையில என் இனிஷியல் இருக்கு. நான் தப்பிக்க முடியாது. தப்பிக்கவும் வேணாம். அவர் எப்படிக் கையெழுத்துப் போடாம சாவியை வாங்கறார்னு பாக்கறேன்."

அப்பீல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அடிக்கோலின் மறுமுனை நகராமல் இருக்க விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நாலாவது தாளுக்குக் கோடு போடும்போது மாமா உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையில் கிடந்த முதல் தாளை எடுத்துப் படித்தார். இரண்டு தேதிக்கும் இரண்டு கட்டம், வெறுமையாக.

"எம்மேல கோபமா இருடா," என்றாள் டைப்பிஸ்டம்மா. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இருக்கேன். ரொம்ப நாள் இருப்பேன்," என்றார் மாமா. தாளை அவள் முன்னால் வைத்து முதல் வரியில் விரலை ஊன்றினார். "இது என்னுது. முதல்ல இதை எழுது."

அவள் எழுதினாள். பத்தொன்பது வருடமாகியும் தம்பியின் பதிவு எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"சாட்சி ரெண்டு பேர்னு சொன்னியே," என்றார் மாமா. "அதுல ஒண்ணு நான்."

"இன்னொண்ணு?" என்றாள் அப்பீல்.

மாமா செல்போனை எடுத்தார். பத்தொன்பது வருடமாக அழைக்காத, ஆனால் எந்தப் போன் மாற்றினாலும் அழிக்காமல் வைத்திருந்த ஒரு பெயரைத் தேடிப் பிடித்தார். அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார்.

எதிர்முனையில் மணி அடிக்க ஆரம்பித்தது.